மருதையாற்றுப் பாலமும் வானத்துக் கண்ணும்



பருவமழை இதழ் என்பதால் வரலாற்றுப் பக்கத்துக்கு இந்த முறை மழையையே எடுத்துக்கொண்டேன். மழை என்றால் குளம், ஏரி, சோழகங்கம் என்றுதான் எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை இன்னொரு இதழில் பார்ப்போம். இந்த முறை வானத்தில் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஆனால் கதை தொடங்குவது நம் ஊர் ஆற்றில்.

அரியலூரில் ரயில் ஏறித் திருச்சிக்குப் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் பாதை வரவில்லை. அவர்களுக்கும் அரியலூர்தான் ஸ்டேஷன். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பாலத்தைக் கடக்கும். சத்தம் மாறுவதை வைத்துத்தான் பாலம் என்றே தெரியும். கோடையில் எட்டிப் பார்த்தால் கீழே மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். இதுதான் மருதையாறு. பெரம்பலூர்ப் பக்கம் பச்சைமலையில் பிறந்து, இரண்டு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் போய்ச் சேருகிற ஆறு. பெரம்பலூரில் பெய்கிற மழை அரியலூரில் வெள்ளமாக ஓடும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

1956 நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. அப்போது மீட்டர் கேஜ் பாதை, நிலக்கரி எஞ்சின். நம் பகுதி அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. கனமழை பெய்து மருதையாறு கரை ததும்ப ஓடிக்கொண்டிருந்தது. 23ஆம் தேதி விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் அரியலூரைத் தாண்டிய வண்டி, கல்லகத்துக்கு முன்பாக இருந்த மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் வெள்ளத்தில் கவிழ்ந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையை ஒவ்வொரு புத்தகமும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்லும். அதற்குக் குறைவில்லை என்பது மட்டும் உறுதி.

என் பாட்டிக்கு ஆங்கில வருஷமும் தெரியாது, தமிழ் வருஷமும் சரியாக வராது. "அரியலூர் ரயில் கவிழ்ந்த வருஷம் பொறந்தவன்" என்று என் சின்ன மாமாவைச் சொல்வார். அது 1956 என்று கண்டுபிடித்துப் பள்ளிச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மாமாவுக்கு ஒரு வயது குறைத்துப் போட்டிருந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே ஆண்டு மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்தின்போதே ராஜினாமாவை நீட்டி, நேரு ஏற்காததால் பதவியில் தொடர்ந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பிறகு மறுபடி கடிதம் கொடுத்தார். இந்த முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. துணை அமைச்சராக இருந்தவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த ஓ.வி. அழகேசன். 1957 தேர்தலில் அவர் பெயரையும் நம் ஊர்ப் பெயரையும் மோனையாகச் சேர்த்துத் தெருத்தெருவாக முழக்கமிட்டார்கள். எழுபது வயது தாண்டியவர்கள் சிலர் அதை இன்றும் ராகத்தோடு சொல்வார்கள். இன்னொரு செய்தி தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரியலூர் மாவட்டம் 2001இல் பிறந்து, 2002இல் பெரம்பலூரோடு மறுபடி சேர்க்கப்பட்டு, கடைசியாகத் தனி மாவட்டமான நாள் 2007 நவம்பர் 23. விபத்து நடந்த அதே தேதி.

மேடையில் பேசுகிறவர்கள் ராஜினாமாவோடு கதையை முடித்துக்கொள்வார்கள். எனக்கு எப்போதும் வேறொரு கேள்விதான் தோன்றும். அன்று இரவு, அந்த வண்டியின் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரிந்திருக்க முடியும்?

இந்திய வானிலைத் துறை ஒன்றும் புதிதல்ல. 1875இல் தொடங்கியது. சென்னையிலோ அதற்கும் முன்னால், 1796 முதலே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் 1956இல் அவர்கள் கையில் இருந்தவை என்ன? கரையோர நிலையங்களின் காற்று, அழுத்த அளவுகள், பறக்கவிடும் பலூன்கள், கடலில் போகும் கப்பல்கள் அனுப்பும் கம்பியில்லாத் தந்தி, இவற்றை வைத்துக் கையால் வரையும் வரைபடம். வங்கக் கடலில் கப்பல் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. புயல் வரப்போகிறது என்று தெரிந்தாலே கப்பல்கள் ஒதுங்கிவிடும். ஆக, எந்த இடத்தைப் பற்றித் தெரிய வேண்டுமோ அங்கிருந்துதான் செய்தி வராது. தரையில் மழைமானிகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்து அளவெழுதுவது நாளுக்கு ஒரு தடவை, காலை எட்டரை மணி வாக்கில். பச்சைமலைப் பக்கம் இரவெல்லாம் எவ்வளவு கொட்டியது என்பது விடிந்த பிறகுதான் காகிதத்தில் ஏறும். ரயில் பாலத்துக்கு வந்தது ஐந்தரை மணிக்கு.

விபத்து நடந்து ஓராண்டு ஆவதற்குள், 1957 அக்டோபரில், ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவினார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்கா டைரோஸ்-1 என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. வானிலைக்காக வெற்றிகரமாக வேலை செய்த முதல் செயற்கைக்கோள் அதுதான். இரண்டு டி.வி. கேமராக்கள், படத்தைப் பதிந்துவைக்க டேப். உழைத்தது 78 நாள்தான். அதற்குள் சுமார் 23 ஆயிரம் படம் எடுத்துவிட்டது. மேகங்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை, பெரிய பெரிய சுருள்களாக ஒழுங்காக நகர்கின்றன என்பதை மனிதன் மேலிருந்து பார்த்தது அப்போதுதான். ஏவிப் பத்து நாளைக்குள் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலில் ஒரு புயலையும் அது படம் பிடித்துவிட்டது.

நம் நாட்டில் 1963 நவம்பர் 21ஆம் தேதி, அரியலூர் விபத்துக்கு ஏழாண்டு நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. விக்ரம் சாராபாய், தேவாலயத்தில் அலுவலகம், சைக்கிளில் வந்த ராக்கெட் பாகம் என்று படம் பார்த்திருப்பீர்கள். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: அந்த ராக்கெட் போனது நிலவுக்கோ செவ்வாய்க்கோ அல்ல, மேல்வளிமண்டலக் காற்றை ஆராய. தும்பாவில் வானிலை ஆய்வு நிலையத்தை அமைத்தவர் அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். மழைமானியிலிருந்து சூரியக் கதிர் அளவிகள்வரை இந்தியாவிலேயே செய்ய வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிப் பாடத்தில் அவர் பெயருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்படி மேலே கண் திறந்துவிட்டது. ஆனால் கீழே என்ன ஆனது?

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டி, ஊரை நெருங்கும் நேரத்தில் சிக்னல் கிடைக்காமல் இருட்டில் நின்றது. காத்துப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்தது. இலங்கையைக் கடந்து வந்த கடும்புயலில் எழும்பிய கடல் வண்டியை அப்படியே மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்; ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே போனது. அப்போது வானிலைச் செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றத் தொடங்கி நாலரை வருஷம் ஆகிவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். அன்றைய செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டே இருப்பவை. ஓர் ஊரின் மேல் எப்போதாவது கடந்து போகும். அவற்றின் டி.வி. கேமராவுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். புயலோ இரவில் கரையேறியது. இதெல்லாம் கருவியின் குறை. ஆனால் அதைவிடப் பெரிய குறை, கடைசியில் வண்டியை ஓட்டுகிறவர் காதுக்கு எந்தச் செய்தியும் போகாததுதான்.

கருவியின் குறை அடுத்த இருபதாண்டுகளில் தீர்ந்தது. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை வைத்தால் அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும். நமக்கு அது அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். வெப்பத்தைப் பார்க்கிற அகச்சிவப்புக் கருவியையும் வைத்துவிட்டால் இரவு பகல் வேறுபாடு இல்லை. 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ அதே ஆண்டு செப்டம்பரில் செயலிழந்தது. 1983 ஆகஸ்ட் 30ஆம் தேதி சேலஞ்சர் விண்ணோடத்தில் போன இன்சாட்-1பி நிலைத்து நின்றது. தூர்தர்ஷன் செய்தி முடிவில் இந்திய வரைபடத்தின்மேல் வெள்ளைத் திட்டுகள் போட்ட படம் வருமே, நினைவிருக்கிறதா? வீட்டில் எல்லோரும் அந்த நேரத்தில்தான் எழுந்து சாப்பிடப் போவோம்.

அந்தக் கறுப்பு வெள்ளைத் திட்டுகளை வைத்து ஒரு புயலின் பலத்தைச் சொல்ல முடியும் என்று காட்டியவர் வெர்னான் டுவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர், 1970களில். மேகச் சுருளின் வடிவம், கண் தெரிகிறதா இல்லையா, கண்ணைச் சுற்றியுள்ள மேகம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துப் புயலுக்கு ஓர் எண் கொடுக்கும் முறை. கடலுக்குள் போய்க் காற்றை அளக்க விமானம் அனுப்பாத நம்மைப் போன்ற நாடுகளுக்கு இன்றும் இதுதான் அடிப்படை. "தீவிரப் புயலாக வலுப்பெற்றது" என்று செய்தியில் வரும் வரிக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த முறை இருக்கிறது.

இன்சாட் படம் மட்டும் எடுக்கவில்லை. அதன் வழியாகவே கரையோரக் கிராமங்களில் வைத்த பெட்டிகளுக்குப் புயல் எச்சரிக்கையைக் குரலாகவே அனுப்பும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளில்தான் முதலில் வைத்தார்கள். இதன் பலனை அளக்க ஆந்திராவே ஒரு கொடுமையான அளவுகோல் கொடுத்தது. 1977 நவம்பரில் கிருஷ்ணா முகத்துவாரத்தில் திவிசீமையைத் தாக்கிய புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 1990 மே மாதம் ஏறத்தாழ அதே கரையை அதே அளவு வலுவான புயல் தாக்கியபோது இறந்தவர்கள் ஆயிரத்தை ஒட்டி. ஆயிரம் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனாலும் லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்ததால்தான் அந்த வித்தியாசம்.

அதற்காகச் செயற்கைக்கோள் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். 1999 அக்டோபரில் ஒடிசா சூப்பர் புயல் வந்தபோது இன்சாட் படங்கள் நன்றாகவே கிடைத்துக்கொண்டிருந்தன. அப்படியும் சுமார் பத்தாயிரம் பேர் போனார்கள். அதே ஒடிசா பிறகு தங்குமிடங்கள் கட்டி, ஊர்தோறும் ஆள் பழக்கி, 2013இல் பாய்லின் புயலின்போது பத்து லட்சம் பேர் அளவில் வெளியேற்றிக் காட்டியது. உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இடைப்பட்ட காலத்தில் கருவி மேம்பட்டது உண்மை. ஆனால் ஒடிசாவில் அதிகம் மேம்பட்டது, மேலே தெரிந்ததைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி.

கருவிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வானிலைக்காக மட்டுமே நாம் செய்த முதல் செயற்கைக்கோள் 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. மறு ஆண்டு பிப்ரவரியில் விண்ணோட விபத்தில் கல்பனா சாவ்லா இறந்ததும் அதற்குக் கல்பனா-1 என்று பெயர் வைத்தார்கள். 2013இல் இன்சாட்-3டி, 2016இல் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17இல் இன்சாட்-3டிஎஸ் போயின. இந்த மூன்றிலும் படம் எடுக்கும் கருவியோடு, காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரவாரியாகக் கணக்கிடும் கருவி ஒன்றும் உண்டு. பலூன் விட்டுப் பார்ப்பதை மேலிருந்தே செய்வதுபோல. அரை மணிக்கு ஒரு படம் எடுக்கும் இரண்டு செயற்கைக்கோள்களை மாற்றி மாற்றி வேலை செய்ய வைத்ததால் கால் மணிக்கு ஒரு படம் கிடைத்தது. கடற்பரப்பின் காற்றை அளக்கும் ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள் 2022 நவம்பரில் போனது. 2025 ஜூலை 30இல் ஏவிய நிசார் என்ற இந்திய அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் வானிலைக்கானது அல்ல. ஆனால் மேகத்தை ஊடுருவி மண்ணின் ஈரத்தையும் வெள்ளம் நிற்கும் இடத்தையும் பார்க்கும். நம் கரிசல் மண்ணில் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர்களுக்கு ஒருவேளை இதுதான் மற்றவற்றைவிடப் பயன்படக்கூடும்.

செயற்கைக்கோள் படத்தை நீங்களே பார்க்கலாம். வானிலைத் துறையின் இணையதளத்தில் இலவசம். பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அகச்சிவப்புப் படத்தில் பளீரென்று வெள்ளையாகத் தெரிவது மேகத்தின் தலை. உயரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது என்று அர்த்தம். அடியில் மழை பெய்கிறதா என்பதை அது நேரடியாகச் சொல்லாது. பஞ்சுபோல் மெல்லிய உயர்மேகமும் வெள்ளையாகத் தெரியும், ஒரு சொட்டு விழாது. தாழ்வான மேகம் சாம்பல் நிறமாகத் தெரியும். கொட்டித் தீர்த்துவிட்டும் போகும். அதுபோக இந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது நான்கு கிலோமீட்டருக்கு நான்கு கிலோமீட்டர். நம் நகர், பக்கத்து நகர், ஏரி, புறவழிச்சாலை எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி. பேருந்து நிலையத்தில் மழை, வீட்டுக்கு வந்தால் தெரு காய்ந்து கிடக்கிறது என்று நாம் அதிசயப்படுவதற்கு வானத்துக் கண்ணிடம் பதில் இல்லை. அதற்கு ரேடார் வேண்டும். காரைக்காலில் இருக்கும் டாப்ளர் ரேடாரின் வட்டத்துக்குள் நம் இரண்டு மாவட்டங்களும் வருகின்றன. மின்னலுக்கு வேறு ஏற்பாடு: புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தரையில் வைத்திருக்கும் உணரிகளைக் கொண்டு "தாமினி" என்ற செயலி எச்சரிக்கிறது. காட்டில் ஆடு மாடு மேய்க்கிற வீடுகளில் ஒருவர் போனிலாவது அது இருக்க வேண்டும். இலவசம்தான்.

விவசாயிகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. "மேக்தூத்" செயலியில் தமிழிலும் பார்க்கலாம். சின்ன வெங்காயம் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிடுங்கிக் காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்தால் பட்டறையில் வைத்த சரக்கு அழுகிவிடும். இரண்டு நாள் தள்ளிப் பிடுங்கியிருந்தால் தப்பியிருக்கும். ஆனால் மாவட்ட அளவிலான அறிக்கையை வட்டார அளவுக்கு இறக்கிச் சொல்ல நாடெங்கும் தொடங்கிய சுமார் இருநூறு மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை 2024 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய ரேடார்களுக்கும் கணினிகளுக்கும் சேர்த்து இரண்டாயிரம் கோடி ரூபாயில் "மிஷன் மௌசம்" திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. புதுக் கருவி வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வெங்காயக்காரரின் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேலே இன்னொரு கண்ணை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள், போடுகிறோம்.

இனி மூன்றாவது ரயில்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை பிய்த்து வாங்கியது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். நம் மாவட்டங்களில் ஓர் ஆண்டு முழுதும் பெய்யும் மழைக்கு ஏறத்தாழ ஈடான மழை, ஒரே நாளில். கால் மணிக்கு ஒரு படம் அனுப்பும் இன்சாட்டுகள் மேலேதான் நின்றுகொண்டிருந்தன. மேகம் தெரிந்தது, கனமழை என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் இவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. மாநில அரசும் மத்திய அரசும் பிறகு இதற்காக வாக்குவாதம் செய்துகொண்டன. அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். முன்னால் பாதையில் வெள்ளம் ஏறி, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. பயணிகளில் ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளியில் தங்கினார்கள், மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே. ஊர்க்காரர்கள் தங்களுக்கே இல்லாத நேரத்தில் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட்டு, பேரிடர் மீட்புப் படை போய், மூன்றாம் நாள்தான் எல்லோரையும் கொண்டுவர முடிந்தது. பசி, குளிர், பயம் எல்லாம் இருந்தது. ஆனால் வண்டி வெள்ளத்தில் இறங்கவில்லை.

மருதையாற்றில் 1956இல் நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இரவு, மழை, பாதையை அரிக்கும் வெள்ளம், நூற்றுக்கணக்கான பயணிகள். இடையில் 67 ஆண்டு விண்வெளி ஆராய்ச்சி. ஆனாலும் ஸ்ரீவைகுண்டத்தில் வண்டியை நிறுத்தியது செயற்கைக்கோள் படம் அல்ல. முன்னால் பாதை சரியில்லை என்ற செய்தி ஸ்டேஷனுக்கு வந்ததும், அதைக் கேட்டு "போகாதே" என்று சொன்னதும்தான். மழைக்காலத்தில் ராத்திரி டார்ச்சும் கையுமாகத் தண்டவாளத்தில் நடந்து பார்க்கும் டிராக்மேன்கள் இன்றும் ரயில்வேயில் இருக்கிறார்கள். செயற்கைக்கோள் செய்வது, அவர்களை எந்த இரவில் எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று இரண்டு நாள் முன்னதாகச் சொல்வது. அதுவே பெரிய விஷயம். 1956இல் அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

இப்போது நம் நகர் விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு "ரெட் அலர்ட்" படம் சுற்றியது நினைவிருக்கும். குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அவசரமாகக் கூட்டிவந்தவர்களும் உண்டு. பிறகு பார்த்தால் அது இரண்டு வருஷம் முந்தைய படம். இதற்கு ஒரு வாரம் கழித்து உண்மையான ஆரஞ்சு எச்சரிக்கை வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று இரவுதான் மூன்றாவது குறுக்குத் தெருவில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. ஆகவே படத்தில் தேதி இருக்கிறதா, சென்னை மண்டல வானிலை மையம் வெளியிட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் கனமழை, 12 முதல் 20 மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. நிறம் என்பது எவ்வளவு பெய்யும் என்பதற்கு மட்டும் அல்ல, நாம் எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பதற்கும்தான். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. 2023இல் சோதனைக்காக எல்லாச் செல்போன்களும் ஒரே நேரத்தில் அலறியபோது பயந்துபோய்ப் போனை அணைத்தவர்கள் நம்மில் சிலர். அடுத்த முறை உண்மையாகவே அலறினால் முதலில் படியுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் இலவச எண் 1077. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

மருதையாற்றில் இப்போது கொட்டரையில் நீர்த்தேக்கம் இருக்கிறது. மேலே பெய்வது முழுதும் அப்படியே கீழே வராது. ஆனால் நம் நகருக்கு வரும் ஆபத்து ஆற்றிலிருந்து அல்ல, ஏரி உபரிநீர் போகும் வாரியிலிருந்து. அதன் வாயில் கட்டட இடிபாடும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடப்பதை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே கூடுகிறோம். மண்வெட்டி, காரைச்சட்டி உள்ளவர்கள் எடுத்து வரவும்.

சங்க அலுவலக மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைக்கவும் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. மரமும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடமாகப் பார்த்திருக்கிறோம். தினமும் காலை 8.30க்கு அளவெடுத்து அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். திங்கள் முதல் வெள்ளிவரை ஆள் கிடைத்துவிட்டது. சனி, ஞாயிறுக்கு இரண்டு பேர் தேவை. பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது. செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.